கடல் ஏறிய மைனரைக் கழற்றுவது

போன ஞாயிறு பின்னேரம் எங்கள் பழைய மொறிஸ் மைனர் காரின் பின் இடப்பக்கச் சக்கரத்து பிறேக் டிரம் கழன்று கையில் வந்தது. ஆறு கிழமை எடுத்தது. ஆறு கிழமையும் அதற்கு முன்னாலேயே குந்தியிருந்தேன் என்று இல்லை, காலையில் வேலைக்குப் போகும் முன் ஒயில் விடுவது, பின்னேரம் வந்து சுற்றிவர நாலு தட்டுத் தட்டிப் பார்ப்பது, அசையவில்லை என்றால் விட்டுவிட்டுக் கை கழுவப் போவது, இப்படித்தான் போனது. பழைய கார் திருத்துகிறவர்கள் பெயின்ற் பற்றியும் சீற் தைப்பது பற்றியும் நிறையச் சொல்லுவார்கள். கழற்றுவதைப் பற்றிச் சொல்ல ஆட்கள் குறைவு. என் அனுபவத்தில் வேலையில் பாதி கழற்றுவதுதான், அதுவும் திருகோணமலையில் கடற்கரையோரம் நின்ற கார் என்றால் பாதிக்கும் மேல்.

கார் 1961 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, 948 சிசி எஞ்சின். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் இங்கிலாந்தில் வெளியான அதே மைனரின் வழிதான், இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுவதைப் பார்க்கலாம். இதை அப்பா எழுபதுகளின் கடைசியில் வாங்கினார். அப்போது எங்கள் வீடு உப்புவெளியில். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது, அது தெரிந்துதான் அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுவார். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தபோது தண்ணீர் காரின் கண்ணாடி மட்டத்துக்கு ஏறியது. வீட்டில் எல்லோரும் தப்பினோம். அப்பா பல மாதம் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை, எத்தனையோ வீட்டில் ஆட்களே இல்லாமல் போன நேரத்தில் காரைப் பற்றி யார் பேசுவது. பிறகு உவர்மலைக்கு வீடு மாறியபோது காரையும் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தோம். பின் சக்கரம் இரண்டும் சுழலவில்லை, பத்துப் பேர் சேர்ந்து தூக்கித்தான் ஏற்றினார்கள். அன்றிலிருந்து படங்கு போட்டு மூடி, இருபது வருடம்.

கடல் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. தண்ணீர் வற்றிப் போனாலும் உப்பு போல்ட்டின் புரிக்குள்ளேயே இருந்துவிடும், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இழுத்து அந்த இடத்தை எப்போதும் நனைவாகவே வைத்திருக்கும். இரும்பு கறள் ஆகும்போது முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலான இடத்தைப் பிடிக்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியில் அது போய் அடைந்துகொண்டால், யாரோ உள்ளிருந்து ஆப்பு அறைந்த மாதிரி. இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பானருக்கு நீளமான பைப் மாட்டி இழுத்தால் போல்ட் முறுகி ஒடியும், கறள் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். பலத்தைக் கூட்ட முன் கறளை உடைக்க வேண்டும். எனக்கு இது முதல் மாதத்தில் தெரியவில்லை, அதனால் நாலு போல்ட்டை ஒடித்தேன்.

முதலில் ஸ்பானர் பற்றி. மைனரின் நட்டுகள் அங்குல அளவு. எங்கள் ஊர்க் கராஜ்களில் எல்லோரிடமும் இருப்பது மில்லிமீற்றர் ஸ்பானர், யப்பான் வாகனங்களுக்கு வாங்கியது. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர், அதற்கு 13 ஆம் நம்பரைப் போட்டால் சரியாகப் பிடித்தது போலத்தான் இருக்கும். நல்ல நட்டென்றால் கழன்றும் விடும். இறுகிய நட்டில் அந்த 0.3 மில்லிமீற்றர் போதும், மூலை ஆறும் மழுங்கிவிடும், அதன் பிறகு எதைப் போட்டாலும் வழுக்கும். அங்குல சொக்கற் செற் ஒன்று வாங்குங்கள், அதுவும் உள்ளே ஆறு மூலை உள்ளது. பன்னிரண்டு மூலை சொக்கற் நட்டின் நுனியை மட்டும் பிடிக்கும், இறுகிய நட்டுக்கு அது ஆகாது. நான் முதல் வாங்கியிருக்க வேண்டிய சாமான் அதுதான்.

ஒயில் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவார்கள். மண்ணெண்ணெய் என்பார்கள், டீசல் என்பார்கள். டபிள்யூடி-40 எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரிலேயே அது தண்ணீரை விலக்கச் செய்த சாமான் என்று இருக்கிறது, 1953 இல் அமெரிக்காவில் உருவாக்கியது. லேசாகக் கறள் பிடித்ததற்குப் போதும். நான் கடைசியில் நம்பியது ஓட்டோமற்றிக் கியர் ஒயிலும் அசிற்றோனும் பாதிக்குப் பாதி. இரண்டும் தானாகக் கலந்து நிற்காது, ஒவ்வொரு தடவையும் குலுக்கி விட வேண்டும், பெயின்றில் பட்டால் பெயின்ற் போய்விடும், நெருப்புப் பக்கம் கொண்டு போகவே கூடாது. ஒயில் எதுவாக இருந்தாலும், விடும் முன் கம்பி பிறஷ்ஷால் வெளியே தெரியும் புரியைச் சுத்தமாகத் தேய்க்க வேண்டும். கறள் பொருக்குக்கு மேலே ஒயில் விட்டால் அது பொருக்கைத்தான் நனைக்கும். விட்ட பிறகு சுத்தியலால் போல்ட்டின் தலையில் நேராக, பலமில்லாமல், பல தடவை தட்டினால் அந்த அதிர்வில்தான் ஒயில் உள்ளே இறங்கும். ஒரு நாளில் வராது. மூன்று நாள், ஐந்து நாள் ஆகட்டும்.

கழற்றத் தொடங்கும்போது முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் கறள் பிடித்தது எந்தப் பக்கம் அசைந்தாலும் உடையும். அசைந்ததும் ஒரேயடியாகச் சுற்றக் கூடாது, கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, ஒயில், திரும்பவும். கை களைத்த நேரம் நிறுத்திவிடுவது நல்லது. நான் ஒடித்த நாலும் இருட்டப்போகிற நேரத்தில் ஒடிந்தவை.

அதில் ஒன்று சைலன்சர் மனிபோல்ட்டைச் சிலிண்டர் ஹெட்டில் பிடிக்கும் ஸ்ரட், அதாவது தலையில்லாத போல்ட். ஹெட்டுக்கு வெளியே ஒரு விரல் நகம் அளவுதான் மிஞ்சியது. அதில் ஓட்டை போட்டு ஈசி அவுட், அதுதான் ஒடிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் உருக்கு ஆணி, இறக்கலாம் என்று யோசித்தேன், நல்லகாலம், அதற்கு முன் ஹெட்டைக் கழற்றி ஓட்டோவில் வைத்துக் கிண்ணியாவுக்குக் கொண்டு போனேன். அங்கே ஒரு வெல்டிங் நானா இருக்கிறார், 2009 இல் பாலம் திறக்க முன் அப்பா 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி அவரிடம் போவார். மிஞ்சிய துண்டைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, ஈசி அவுட் வச்சீங்களா?"

"இல்ல நானா, வைக்கலாம் என்று..."

"வைக்காதீங்க. இவ்வளவு இறுகினதுக்கு அது உள்ளுக்கயே ஒடியும். பிறகு அந்த உருக்கை எந்த டிரில்லும் தின்னாது."

மிஞ்சிய துண்டின் மேல் ஒரு நட்டை வைத்தார், நட்டின் நடு ஓட்டை வழியாக வெல்டிங் இறக்கி இரண்டையும் ஒன்றாக்கினார், சிவப்பு அடங்கும்வரை பேசாமல் இருந்தார், பிறகு ஒரு மெழுகுதிரியை எடுத்துச் சூட்டில் பிடித்தார். மெழுகு உருகிப் புரிக்குள் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்பானரை மாட்டி இப்படியும் அப்படியும் ஆட்டினார். வந்துவிட்டது. கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, நான் அதோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியிருந்தேன்.

சூடு என்ன செய்கிறது என்பதை அவர் சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 மில்லிமீற்றர் ஓட்டையுள்ள இரும்பு நட் ஒன்றை 300 பாகை கூடச் சூடாக்கினால் அந்த ஓட்டை 0.04 மில்லிமீற்றர் அளவுகூட விரியாது. தலைமயிரின் பருமனில் பாதி. ஆனால் கறள் வெடிக்க அது போதும். சூட்டை வெளியே இருக்கும் நட்டுக்குக் காட்ட வேண்டும், உள்ளே இருக்கும் போல்ட்டுக்கு இல்லை, போல்ட்டும் சேர்ந்து விரிந்தால் பலனில்லை. ஒயில் விட்ட இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் நெருப்பு. பெற்றோல் ராங்கி, பிறேக் குழாய், ஷொக் அப்சோபர் பக்கத்தில் நெருப்பே வேண்டாம்.

மைனர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: முன் சஸ்பென்ஷனில் கை வைக்கும் முன் ரோர்ஷன் பாரை, ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யும் முறுக்குக் கம்பியை, மறக்காதீர்கள். கொயில் ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரிவதால் பயப்படுவோம், இது வெறும் நீளக் கம்பி மாதிரி அடியில் படுத்திருக்கும், ஆனால் முறுகிய நிலையில்தான் இருக்கிறது. சஸ்பென்ஷனின் கீழ் ஆர்முக்கு ஜக் கொடுக்காமல் அதன் போல்ட்டை எடுத்தால் அந்த ஆர்ம் விசிறி அடிக்கும். இறுகிய போல்ட்டை முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, டிரம்முக்கு வருகிறேன். அதைப் பிடித்திருப்பது இரண்டு ஸ்குரு ஆணி. சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பக்ற் டிரைவரில் ஒன்று வந்தது, மற்றதின் தலை மழுங்கியதால் டிரில் போட்டுத் தலையை மட்டும் வெட்டினேன், மிச்சத்தை டிரம் வந்த பிறகு குறட்டால் பிடித்து எடுக்கலாம். ஆனாலும் டிரம் வரவில்லை. காரணம் கைபிறேக். 2004 இல் நிறுத்திய அன்று அப்பா இழுத்துவிட்ட கைபிறேக், அப்படியே இருபது வருடம் இழுத்தபடி இருந்து, பிறேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. கேபிளைப் பின்பக்கத்தில் லீவரிலிருந்து கழற்றிவிட்டேன், அசைவில்லை. கட்டையைத் தளர்த்த டிரம்மின் முகத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதற்குள் ஸ்குரு டிரைவர் விட்டுத் திருப்ப வேண்டும், ஆனால் டிரம்மே சுழலாதபோது ஓட்டை வேறெங்கோ நிற்கிறது. அதனால்தான் ஆறு கிழமை. சக்கர ஸ்ரட்டுகளுக்கு நடுவே ஒரு நீள இரும்பைக் குறுக்கே கொடுத்து, ஒயில் விட்டு, மரச் சுத்தியலால் விளிம்பைத் தட்டி, இரும்பை மேலும் கீழும் அசைத்து. டிரம் வார்ப்பு இரும்பு, கோபத்தில் இரும்புச் சுத்தியலால் ஒரு அடி அடித்தால் வெடிக்கும்.

ஞாயிறு அப்பா கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தார். எண்பது தாண்டிவிட்டது, குனிய முடியாது. "அவசரப்படாத தம்பி" என்று மட்டும் இடைக்கிடை சொன்னார். நாலு மணிக்குப் பிறகு டக் என்று ஒரு சத்தம், கால் சுற்று அசைந்தது. ஓட்டை நேருக்கு வந்தது, கட்டையைத் தளர்த்தினேன், திரும்பச் சுற்றிவரத் தட்டினேன், வந்தது.

பழைய பிறேக் கட்டைகளில் கல்நார் இருக்கும், அந்தத் தூசியை ஊதவே கூடாது, முகத்தை மூடித் தண்ணீர் தெளிக்கத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் டிரம்மைச் சரித்ததும் விழுந்தது மண். ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்கும், சாம்பல் நிறத்தில், மாவு மாதிரி. தண்ணீரால் நன்றாகக் கழுவி எடுத்தேன். அப்பா கையை நீட்டினார். ஈர மண்ணைக் கொஞ்சம் விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது நம்மட கரை மண் இல்ல. ஆழத்து மண்."

பிறகு ஒரு பால்மா ரின் கொண்டுவரச் சொல்லி, மண்ணை அதற்குள் போட்டு மூடியை இறுக்கிவிட்டுக் கேட்டார், மற்றப் பக்கத்தை எப்போது கழற்றப் போகிறேன் என்று.