தோம்பலூர்ச் சந்தையில் முதல் லெவல்: ஓட்டிப் பார்த்த குறிப்புகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் எஸ்ஆர்டி 5.1 என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2023 ஜனவரி முதல் அவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டுத் தமிழில் மாற்றி எழுதிக்கொள்ளவும் தடையில்லை.

கதைக்களத்துக்கு ஐரோப்பியக் கோட்டை தேவைப்படவில்லை. பெங்களூர் டொம்ளூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் அந்த ஊர் தோம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் என்ற பெயர்களில் வருகிறது. ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் பொதிமாடுகள் அந்த ஊர்ச் சந்தைக்கு வரும் வழியில் காணாமல் போகின்றன, தேடிப் போவது நால்வர் என்று வைத்தால் போதும். மிச்சத்தை ஆடுகிறவர்களே கட்டிவிடுவார்கள். சுங்கச்சாவடிக்காரன் கன்னடத்தில் மட்டும் பேசுவான் என்று வைத்ததுதான் இதில் நன்றாக எடுபட்டது. பள்ளியில் கன்னடம் படித்தவர் துபாஷியாகி, சொல்வதில் பாதியை விழுங்கிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு மொழிபெயர்க்க, மேஜையில் கதையை நடத்தும் கேம் மாஸ்டருக்கு வேலையே இருக்காது. இந்த விளையாட்டை நடத்துவதன் சுகம் இங்கேதான்.

வழிப்பறிக் கள்வர்களுக்கு விதிகளில் வரும் கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தின் கணக்கையே பெயர் மாற்றிக் கொடுக்கலாம்: கவசம் 15 (அடி பட எதிராளி தொட வேண்டிய எண்), ஹிட் பாயிண்ட் 7 (தாங்கும் அடி), வாள்வீச்சு ஒரு டி6 (ஆறு முகப் பகடை) கூட்டல் 2. ஆனால் எண்ணிக்கையில் கவனம் வேண்டும். ஆளுக்கு ஒரு கள்வன் என்று நால்வருக்கு நான்கு பேரை இறக்குவது நியாயமாகத் தோன்றும். 2014 விதிப்படி ஒரு கள்வனுக்குத் தலா 50 அனுபவப் புள்ளி, மொத்தம் 200. மூன்று முதல் ஆறு எதிரி என்றால் அதை இரட்டிக்க வேண்டும், 400. முதல் லெவலில், அதாவது ஆரம்ப நிலையில், இருக்கும் நால்வருக்கு உயிராபத்தின் எல்லையே 400தான். நால்வரில் மந்திரவாதிக்கு ஹிட் பாயிண்ட் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். டி20 என்ற இருபது முகப் பகடையில் 20 விழுந்த அடியில் டி6 இரட்டிப்பதால் ஒரே வீச்சில் 14 வரை போகும். ஹிட் பாயிண்ட் பூஜ்யமான பிறகும் மிஞ்சிய அடி அவரது முழு ஹிட் பாயிண்டைத் தொட்டால் அங்கேயே சாவு. இரண்டு கள்வர் போதும். மூன்றாமவன் மரத்தின் மேல் சீழ்க்கை அடிக்கட்டும், நிலைமையைப் பார்த்து இறக்கிக்கொள்ளலாம்.

துப்புகளில்தான் அதிகம் சிக்கும். கதை நகர வேண்டிய ஒரே துப்பை, டி20-இல் விழுந்த எண்ணும் திறமைக் கூட்டலும் சேர்ந்து 15ஐத் தொட வேண்டிய ரோலுக்குப் பின்னால் ஒளித்தால், கூட்டல் 5 உள்ள கெட்டிக்காரனுக்கே நூற்றுக்கு 45 தடவை கிடைக்காது. அப்புறம் “மச்சி, நான் ஒருதடவை போட்டுப் பாக்கறேன்” என்று எல்லாரும் வரிசையாக டி20 உருட்டுவார்கள். ரோலுக்கு மதிப்பே போய்விடும். அதே செய்தியைக் குளம்படியில், சாராயக் கடையில், பிடிபட்டவன் மடியில் என மூன்று இடத்தில் வைத்தால் எல்லாம் தவறும் வாய்ப்பு சுமார் 9 சதவீதம்தான். அதுவும் வேண்டாமென்றால் ஒரு துப்பை ரோல் இல்லாமலே கொடுத்துவிடலாம்.

வரைபடத்துக்கு 22க்கு 28 அங்குலச் சார்ட் பேப்பர் நன்றாகப் பொருந்துகிறது. அங்குலக் கட்டம் ஒன்று 5 அடி; மொத்தம் 110க்கு 140 அடிக் களம். அவென்யூ ரோட்டு ஸ்டேஷனரிக் கடைகளில் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் ஒரே நடையில் முடியும். மேலே கனமான தெளிந்த பிளாஸ்டிக் ஷீட் விரித்து ஒயிட்போர்டு மார்க்கரில் வரைந்து அழிக்கலாம். சிவப்பு மட்டும் ராத்திரி முழுக்க விட்டால் கறை நிற்கும். கேரம் காயை வீரனாக வைக்கப் பார்க்காதீர்கள், மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அகலம் என்பதால் கட்டத்தைத் தாண்டும். ஒரு ரூபாய் நாணயத்தில் எண் ஸ்டிக்கர் ஒட்டினால் கச்சிதம்.

நேரம்: ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர், எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒருவர் என்றால் சொன்ன மணிக்குத் தொடங்காது. முதல் அரைமணியில் கடைவீதிக் காட்சி வைத்தால் வந்தவர்கள் சாமான் வாங்கிக்கொண்டிருப்பார்கள், தாமதமாக வருபவர் சந்தைக்குள்ளேயே வந்து சேர்ந்துகொள்வார். மசால் வடையைச் சண்டை முடிந்தபின் எடுங்கள். பாத்திரத்தின் கணக்கை எழுதிவைக்கும் கேரக்டர் ஷீட்டில் எண்ணெய் பட்டால் பென்சில் எழுதாது.