மூட்டு மாறியது ஒரே நாளில், நடை மாற மாதக்கணக்கில்

வலி முழங்காலில்தான் ஆரம்பித்தது. தொடையின் உள்பக்கமாக இறங்கி முழங்காலில் வந்து நிற்கும். முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. தைலம், மாத்திரை என்று நாள் ஓடியது. அதற்குள் சம்மணம் போட முடியவில்லை, கால் நகம் வெட்டக் குனிய முடியவில்லை. கடைசியில் பார்த்த எலும்பு டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கிப் பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினார். தொடை இடுக்கில் உயிர் போனது. "முழங்கால் நல்லாத்தான் இருக்கு. கோளாறு இடுப்பு மூட்டுல" என்றார்.

இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் ஆப்டுரேட்டர் நரம்பு கிளை விடுகிறதாம். மேலே நோவு இருந்தால் கீழே வலிப்பது அதனால்தான்.

எம்ஆர்ஐயில் விஷயம் தெரிந்தது. தொடை எலும்பின் தலை, அதாவது இடுப்புக் கிண்ணத்துக்குள் உருளும் அந்தப் பந்து, ரத்த ஓட்டம் குறைந்து செத்துக்கொண்டிருந்தது. வேறொரு நோய்க்காக நான் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவன்; காரணம் அதுவாக இருக்கலாம் என்றார்கள். அந்தத் தலைக்குப் பெரும்பாலான ரத்தம், எலும்பின் கழுத்தை ஒட்டி ஏறும் சில மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் போகிறது. அவை அடைத்துக்கொண்டால் ஈடுகட்ட வேறு நல்ல வழி இல்லை. ஆரம்பத்திலேயே தெரிந்தால் எலும்பில் துளைபோட்டு உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். எனக்குப் பந்து ஏற்கெனவே அமுங்கிவிட்டதால் மூட்டு மாற்றுதான் என்றாகிவிட்டது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதுகில் ஊசி, அரைத்தூக்கம், அவ்வளவுதான். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். பழைய வலி போயே போய்விட்டது. எல்லாம் முடிந்தது என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். உண்மையான வேலை அப்புறம்தான் தொடங்கியது.

எனக்குப் பின்பக்கமாகத் திறந்து செய்தார்கள். அங்கே காலை வெளிப்புறம் திருப்பும் சின்னத் தசைகளை வெட்டி, உள்ளே போய், திரும்பத் தைப்பார்கள். அந்தத் தையல் ஆறும்வரை பந்து பின்பக்கமாக நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, காலை உள்பக்கம் திருப்பக் கூடாது. தாழ்வான நாற்காலி கிடையாது, வெஸ்டர்ன் டாய்லெட்தான், தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் கண்டிப்பானவர். முன்தொடைத் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி சீக்கிரம் கைவந்துவிட்டது. படாதபாடு படுத்தியது குளூட்டியஸ் மீடியஸ். இடுப்பின் பக்கவாட்டில், கையை வைத்தால் தட்டுப்படும் தசை. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தானே நிற்கிறோம்? அப்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். வலிக்குப் பயந்து அந்தக் காலைப் பல மாதம் ஊன்றாமலே நடந்ததில் அது இளைத்துப்போயிருந்தது. கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். மறுபக்க இடுப்பு சட்டென்று கீழே இறங்கியது.

கைத்தடியை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்கச் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். நம் ஊரில் பாதிப்பேர் நோகும் பக்கமே பிடிக்கிறார்கள். நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுமை விழுகிறது. அதில் பெரும்பங்கு இந்தத் தசை இழுக்கும் இழுப்பு. எதிர்க்கையில் தடி ஊன்றினால் தசை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை. படியேற நல்ல கால் முதலில், இறங்க ஆபரேஷன் கால் முதலில்.

இப்போது தடி இல்லாமல் நடக்கிறேன். தரையில் உட்காருவதில்லை. அதிகம் அலைந்த நாளில் சாயங்காலம் நடை லேசாகச் சாய்கிறது என்கிறாள் மனைவி. அன்றைக்கு ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சி இன்னொரு சுற்று கூடுதல்.