குளிர்நீர்த் தொட்டி கட்டும் முன் ரிட்டர்ன் தண்ணீரைப் பாருங்கள்

நடுப்பகலில் சூரிய மின்சாரம் தாராளமாக வருகிறது. மாலை ஆறு மணிவாக்கில் அது அடங்கி, வீடுகளில் விளக்கும் ஏசியும் ஏறும்போதுதான் தமிழ்நாட்டு மின்கட்டமைப்பு திணறுகிறது. ஷிஃப்ட் ஓடும் ஒரு ஐடி வளாகம் ஆறிலிருந்து பத்து வரை நாலு மணி நேரம் சில்லரை (ஏசிக்கான தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) நிறுத்திவிட்டு, முன்பே குளிரவைத்துத் தொட்டியில் சேர்த்த தண்ணீரில் ஏசியை ஓட்டினால் கட்டமைப்புக்கு அந்த அளவு சுமை குறையும்.

மாலைச் சுமை 500 டன் என்று வைத்துக்கொள்வோம் (டன் இங்கே எடை இல்லை, ஏசி குளிரூட்டும் திறனின் அலகு). நாலு மணி நேரத்துக்கு 2,000 டன்-மணி. கட்டடத்துக்குப் போகும் தண்ணீர் (சப்ளை) 5 டிகிரி, சுற்றிவிட்டுத் திரும்பும் தண்ணீர் (ரிட்டர்ன்) 13 டிகிரி என்றால் ஆயிரம் லிட்டர் தண்ணீர் சுமார் 2.65 டன்-மணி தரும். ஆக 7.56 லட்சம் லிட்டர் வேண்டும். கலப்பில் வீணாவதற்குப் பத்து சதவீதம் விட்டால் 8.4 லட்சம்: 10 மீட்டர் விட்டம், 10.7 மீட்டர் நீர்மட்டம். சில்லர், அதன் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சர் பம்ப், கூலிங் டவர் மூன்றும் சேர்ந்து டன்னுக்கு 0.7 கிலோவாட் எடுத்தால், மாலையில் 350 கிலோவாட் குறைகிறது.

தொட்டிக்குள் குளிர்நீர் கீழேயும் வெதுநீர் மேலேயும் நிற்கும். நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. அடர்த்தி வித்தியாசம்தான் பிரித்து வைக்கிறது. இரண்டும் கலக்கும் அடுக்கு ஒரு மீட்டர் வரை வரும். 10.7 மீட்டர் தொட்டியில் அது பெரிய நஷ்டமில்லை. இடமில்லை என்று 4 மீட்டர் உயரத்தில் அகலமாகக் கட்டினால் கால்வாசி போய்விடும். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி. அதற்குக் கீழே குளிரவைத்தால் அது மேலேறி அடுக்கைக் குலைக்கும். தொட்டிக்குள் தண்ணீரைப் பரப்பி விடும் டிஃப்யூசரில் தண்ணீர் வேகமாகப் பாய்ந்தாலும் இதே கதிதான். பக்கச்சுவரில் அரை மீட்டருக்கு ஒரு சென்சார் வைத்தால்தான் அடுக்கு எங்கே நிற்கிறது என்று தெரியும்.

நிறையத் தொட்டிகள் தோற்பது தொட்டிக்குள் இல்லை, மாடியில் இருக்கும் ஏஎச்யுக்களில் (குளிர்நீரால் காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் கருவிகள்). த்ரீ-வே வால்வு போட்ட ஏஎச்யு, தேவையில்லாத குளிர்நீரை அப்படியே பைபாஸ் பண்ணி ரிட்டர்னில் சேர்த்துவிடும். ஏஎச்யுவின் குழாய்ச்சுருளில் (காயில்) அழுக்கு, வெப்பநிலை செட்பாயின்டை 18 டிகிரிக்கு இறக்கி வைத்த அறைகள், மூட மறந்த பைபாஸ் எல்லாம் சேர்ந்து ரிட்டர்ன் 10 டிகிரிக்கு இறங்கும். சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் உள்ள வித்தியாசம் (டெல்டா-டி) 8 போய் 5 ஆகிறது. அதே தொட்டியில் 2,000 டன்-மணிக்குப் பதில் 1,250. நாலு மணி நேரம் தாங்க வேண்டியது இரண்டரை மணியில் தீர்ந்து, எட்டரை மணிக்கு, உச்ச நேரத்துக்கு நடுவிலேயே சில்லர் மறுபடி ஓடும். அஸ்திவாரம் தோண்டும் முன்னால் ஒரு மாத ரிட்டர்ன் வெப்பநிலைப் பதிவை எடுத்துப் பாருங்கள். பைபாஸ் இல்லாத டூ-வே வால்வும் வேகம் மாற்றும் பம்பும் போடும் செலவு முதலில் வரட்டும்.

பனிக்கட்டித் தொட்டி ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும் என்பார்கள், உண்மைதான். ஆனால் பனி கட்ட, உறையாமல் இருக்க கிளைகால் (glycol) கலந்த நீரை மைனஸ் 5, 6 டிகிரிக்கு இறக்க வேண்டும். ஒரு டன்-மணிக்கு ஆகும் மின்சாரம் இருபது, முப்பது சதவீதம் கூடும். தமிழ்நாட்டில் உயரழுத்த ஆலைகளுக்கு உச்ச நேரக் கூடுதல் கட்டணம் 25 சதவீதம், இரவுத் தள்ளுபடி வெறும் 5 சதவீதம். கணக்கு கட்டாது. இடம் இருந்தால் தண்ணீரே போதும்.

எப்போது குளிரவைப்பது என்பதில்தான் சிக்கல். கட்டமைப்புக்கு நல்லது நடுப்பகல். மத்திய அரசின் 2023 மின் நுகர்வோர் உரிமை விதித் திருத்தமும் சூரிய நேரக் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் மலிவாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் கட்டடத்தின் சொந்தச் சுமையும் அப்போதுதான் உச்சம். எட்டு மணி நேரத்தில் நிரப்ப இன்னொரு 250 டன் சில்லர் வேண்டும், அதோடு மாதத்தின் அதிகபட்ச டிமாண்டும் (ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச மின்சுமை) ஏறும். டிமாண்ட் கட்டணத்தைக் கூட்டிப் பார்க்காமல் யூனிட் விலையை மட்டும் வைத்து லாபம் காட்டும் அறிக்கையை நம்பாதீர்கள். யூனிட் 8 ரூபாய் என்றால், ஒரு நாளில் 1,400 யூனிட் நகர்த்தித் தப்பிப்பது உச்ச நேரக் கூடுதலில் 2,800 ரூபாய், அவ்வளவுதான். பெரிய லாபம் புதுக் கட்டடங்களில்: சில்லரையும் டிரான்ஸ்பார்மரையும் சிறிதாக வாங்கலாம், மின்வெட்டில் ஜெனரேட்டர் சில்லரை விட்டு, பம்பையும் ஏஎச்யு விசிறிகளையும் மட்டும் ஓட்டினால் போதும்.

அந்த மின்வெட்டு நேரத்தில் இன்னொன்று. தொட்டி திறந்தது, மாடிக் குழாய்களோ அதற்கு மேலே. பம்ப் நின்றவுடன் ரிட்டர்ன் வால்வு தானாக மூடாவிட்டால் கட்டடத்துத் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்கு இறங்கி வழியும், மேல்மாடியில் காற்று ஏறும். ரிட்டர்னில் அழுத்தம் காக்கும் வால்வு, பம்ப் வெளிவாயிலில் தண்ணீரைப் பின்னால் வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு, இரண்டும் வேண்டும். நடுவில் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இரண்டு பக்கத் தண்ணீரும் கலக்காமல் வெப்பத்தை மட்டும் மாற்றும் கருவி) வைத்தால் இந்தத் தொல்லை இல்லை, ஒரு டிகிரி இழப்போம். ஒப்படைக்கும் நாளில் பம்ப் ஓடும்போதே பிரேக்கரை இறக்கி, தொட்டியின் நீர்மட்டம் ஏறவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.