ஆறு நாடுகளுக்குக் கீழே

ஐரோப்பாவின் முன்னணி ஆறு அணிகள் ஆடும் சிக்ஸ் நேஷன்ஸுக்கு அடுத்த படியிலுள்ள ரக்பி யூரோப் சாம்பியன்ஷிப்பின் புள்ளி அட்டவணையைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு. 2023 முதல் 8 அணிகள், நான்கு நான்காக இரண்டு குழுக்கள். வெற்றிக்கு 4 புள்ளி, சமனுக்கு 2. கூடுதலாக 1 புள்ளி தரும் போனஸ்தான் சிக்கல்: நான்கு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போட்டால் போதாது, எதிரணியைவிட மூன்று ட்ரை கூடுதலாக இருக்க வேண்டும். அதனால் கடைசி நிமிடத்தில் எதிரணி ஆறுதலுக்குப் போடும் ஒரு ட்ரையே போனஸைப் பறித்துவிடும். 7 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் 1 புள்ளி உண்டு.

மைதானத்துக்கு வெளியேதான் பெரிய அடி விழுகிறது. தகுதியில்லாத வீரரை இறக்கினால் ஆட்டத்துக்கு 5 புள்ளி போகும். 2018இல் ருமேனியா, ஸ்பெயின், பெல்ஜியம் மூன்றுமே சிக்க, 2019 உலகக் கோப்பை இடம் ரஷ்யாவுக்குப் போனது. ஸ்பெயின் அதோடு திருந்தவில்லை. 2022இல் இரண்டு ஆட்டங்களுக்காக 10 புள்ளி இழந்தது, 2023 வாய்ப்பு ருமேனியாவுக்குக் கைமாறியது. வெளிநாட்டில் பிறந்தவரை, குறிப்பிட்ட காலம் நாட்டில் வசித்தால் அதற்காக ஆடலாம் என்ற வசிப்பு விதியில் சேர்க்கும்போது, அவர் இடையில் எத்தனை நாள் நாட்டை விட்டுப் போனார் என்பதைச் சரியாகப் பார்க்காததன் விலை. வசிக்க வேண்டிய அந்தக் காலவரம்பும் இப்போது 36 மாதமல்ல, 60.

இந்தத் தொடரை ஜார்ஜியா எத்தனை முறை ஜெயித்தாலும் சிக்ஸ் நேஷன்ஸுக்கு ஏற முடியாது, அங்கே பதவியிறக்கமே கிடையாது. இதைவிட அபத்தமான ஏணி விளையாட்டில் குறைவு.