ஈஸ்டர் தேதிக்காக அளக்கப்பட்ட வானம்

மதத்துக்கும் அறிவியலுக்கும் நடந்த போர் என்று யாராவது பேசத் தொடங்கினால், பேச்சு 1633-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதிக்கு, ரோமில் முதியவர் கலிலியோ மண்டியிட்டுத் தம் கருத்தைக் கைவிடுவதாக வாசித்த அந்த நாளுக்கு, போய்ச் சேர்வது வழக்கம். நடந்தது நடந்ததுதான், திருச்சபையின் தரப்புக்கு வாதாட நான் வரவில்லை. ஆனால், 16, 17-ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பாவை அந்த ஒரு நாளின் வழியாக மட்டுமே பார்ப்பவர்களின் கண்ணில் படாமல் போகும் செய்தி ஒன்று உண்டு. வானத்தைத் துல்லியமாக அளந்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி திருச்சபைக்கே இருந்தது. அதற்குக் காரணம் ஈஸ்டர். அந்த அளவைகளிலிருந்து பிறந்த கருத்துகள் ஆபத்தானவையாக மாறியதற்கும் வானியலின் மீது யாருக்கும் இருந்த வெறுப்பு முதற்காரணம் அல்ல. கிறிஸ்தவர்கள் தமக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டைதான் காரணம் என்பது என் எண்ணம்.

நைசியாவில் 325-இல் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம், ஈஸ்டரை எல்லோரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்தது. மார்ச் 21-ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்ற விதி பின்னர் நிலைபெற்றது. பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள் மார்ச் 21 என்பது இந்த விதியின் அடிப்படை. சிக்கல் அங்கேதான் இருந்தது. ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி ஆண்டின் நீளத்தை 365¼ நாளாகக் கொண்டது. உண்மையான ஆண்டு அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம் அற்பமாகத் தோன்றும். ஆனால் 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும் என்பதால், 16-ஆம் நூற்றாண்டில் அந்தச் சம இரவு நாள் மார்ச் 11-ஐ ஒட்டி வந்துகொண்டிருந்தது. கிறிஸ்தவ உலகின் தலையாய திருநாளைத் தவறான ஞாயிற்றில் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம் என்பது கணக்குத் தெரிந்த குருமார்களுக்கு நன்றாகவே தெரியும். ரோஜர் பேக்கன் என்ற பிரான்சிஸ்கன் துறவி 1267-லேயே போப்பாண்டவருக்கு இதை எழுதிவிட்டார்.

பத்தாம் லியோ போப்பாக இருந்த காலத்தில், லாத்தரன் சங்கம் இந்தக் கேள்வியை மீண்டும் எடுத்து, வானியல் அறிந்தவர்களிடம் கருத்துக் கேட்டது. கேட்கப்பட்டவர்களில் ஒருவர், பால்டிக் கடலோரத்து ஃபிராம்போர்க் பேராலயத்தின் அலுவல்களைப் பார்த்துவந்த கோப்பர்நிக்கஸ். சூரியன், சந்திரன் ஆகியவற்றின் இயக்கங்கள் போதுமான அளவு அறியப்படாததால்தான் அன்று நாட்காட்டியைத் திருத்த இயலவில்லை என்றும், அது முதல் அவற்றைக் கவனமாக ஆராய்வதில் தாம் ஈடுபட்டதாகவும் 1543-இல் வெளிவந்த தம் நூலின் முன்னுரையில் அவரே குறிப்பிடுகிறார். அந்த முன்னுரை மூன்றாம் பால் போப்பாண்டவருக்கு எழுதிய காணிக்கையுரை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன நூல், போப்புக்கே காணிக்கையாக்கப்பட்டு, கத்தோலிக்கர் ஒருவரால் எழுதப்பட்டு, விட்டன்பர்க்கிலிருந்து தேடிவந்த ரெட்டிக்கஸ் என்ற இளம் லூத்தரன் (போப்பை மறுத்துப் பிரிந்த லூத்தரின் சபையைச் சேர்ந்த) பேராசிரியரின் விடாப்பிடியால் அச்சேறியது. லூத்தரன் நகரமான நியூரம்பர்க்கில் அச்சானது. இதெல்லாம் கணக்குக்கு உதவும் அனுமானமே தவிர உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்ற பெயரில்லாத முன்குறிப்பு ஒன்றை அங்கே அதில் சேர்த்தவரும் ஆசியாண்டர் என்ற லூத்தரன் போதகர்தான். அதை எழுதியவர் இன்னார் என்று 1609-இல் அச்சில் போட்டு உடைத்தவர் வானியலாளர் கெப்ளர். கெப்ளரும் லூத்தரன்தான்.

இந்த இடத்தில்தான் திரெந்து நகரின் பொதுச்சங்கத்தை நினைவில் கொள்ள வேண்டும். கோப்பர்நிக்கஸ் இறந்து மூன்று ஆண்டுகள்கூட முடியாத 1546 ஏப்ரலில், அந்தச் சங்கம் ஒரு விதியைப் போட்டது: திருச்சபைத் தந்தையர் (தொடக்க நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ ஆசான்கள்) ஒருமனதாகக் கொண்ட பொருளுக்கு மாறாக யாரும் தம் சொந்த அறிவை நம்பி விவிலியத்துக்கு விளக்கம் சொல்லக் கூடாது. அதை எழுதியவர்களின் மனத்தில் சூரியனும் இல்லை, பூமியும் இல்லை. இருந்தவர்கள் லூத்தரும் அவரைப் பின்பற்றியவர்களும். விவிலியத்தைப் படித்துப் பொருள்கொள்ளும் உரிமை யாருக்கு என்பதே அன்றைய ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்திருந்த கேள்வி. வேறொருவருக்கு வைத்த அந்தப் பொறியில் எழுபது ஆண்டுகள் கழித்து வானியல் போய்க் காலை வைத்தது.

அதற்கு முன் 1582. கலாப்ரியாவைச் சேர்ந்த லூயிஜி லிலியோ என்ற மருத்துவர் வகுத்த திட்டத்தை, அவர் இறந்தபின் அவருடைய சகோதரர் ரோமில் சமர்ப்பித்தார். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் ரோமக் கல்லூரியில் கணிதம் கற்பித்த கிளாவியுஸ் இடம்பெற்ற குழு அதைச் செம்மைப்படுத்தியது. நானூறு ஆண்டுகளுக்கு மூன்று நெட்டாண்டுகளை (லீப் ஆண்டுகளை) குறைக்க வேண்டும். 1600, 2000 நெட்டாண்டுகளாக இருக்க, 1700, 1800, 1900 சாதாரண ஆண்டுகளாகும். சேர்ந்துபோன பிழையைக் களைய பத்து நாள்கள் நீக்கப்பட்டன: 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமை, மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை. ஸ்பெயினில் அவிலாவின் தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில். அவருடைய திருநாள் அக்டோபர் 15-இல் வருவது அதனால்தான்.

இந்தச் சீர்திருத்தத்தை வரவேற்றவர்கள் யார், எதிர்த்தவர்கள் யார் என்று பார்த்தால், பழகிப்போன கதை தலைகீழாகிறது. நாட்காட்டியை முன்னின்று ஆதரித்த கிளாவியுஸ், பூமி அசையாது என்று கடைசிவரை நம்பியவர். அந்த நாட்காட்டியை எதிர்த்து எழுதிய மேஸ்ட்லின், கோப்பர்நிக்கஸ் சொன்னது சரி என்று ஏற்றுக்கொண்டு, டூபிங்கனில் அதை கெப்ளருக்குக் கற்பித்த ஆசிரியர். வானத்தைப் பற்றிய கொள்கை ஒரு பக்கம் இருக்க, போப்பின் ஆணையை ஏற்பதா என்பது வேறு பக்கம் இருந்தது. மக்கள் இரண்டாவதைத்தான் பெரிதாகக் கருதினார்கள். கத்தோலிக்கரும் லூத்தரன்களும் சேர்ந்து வாழ்ந்த ஆக்ஸ்பர்க் நகரில், 1584 ஜூனில், புதிய நாட்காட்டியை எதிர்த்த போதகர் ஒருவரை நகரசபை வெளியேற்ற முயன்றபோது கலகமே வெடித்தது. இங்கிலாந்தில் ஜான் டீ என்ற கணித அறிஞர் கணக்குப் போட்டுப் பார்த்துச் சீர்திருத்தத்தைப் பரிந்துரைத்தார்; ஆயர்கள் மறுத்துவிட்டார்கள். அங்கே அது நடைமுறைக்கு வர 1752 ஆயிற்று. நூற்று எழுபது ஆண்டுகளாக ஒரு தேசம் தவறு என்று தெரிந்த தேதியிலேயே கடிதம் எழுதிக்கொண்டிருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கலிலியோவிடம் வருவோம். தொலைநோக்கியில் கண்டவற்றை அவர் 1610-இல் வெளியிட்டபோது, கிளாவியுஸின் கல்லூரியினர் தாமும் பார்த்து உறுதிசெய்து, மறு ஆண்டு ரோமில் அவருக்குப் பாராட்டு விழாவும் எடுத்தார்கள். வியாழனுக்கு நான்கு துணைக்கோள்கள் இருப்பது யாருடைய விசுவாசத்தையும் அசைக்கவில்லை. சிக்கல் தொடங்கியது, சூரியனை யோசுவா நிற்கச் சொன்ன விவிலியப் பகுதிக்கு எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்று கலிலியோவும், ஃபொஸ்காரினி என்ற கார்மேல் சபைத் துறவியும் எழுதத் தொடங்கியபோதுதான். கர்தினால் பெல்லார்மின் 1615 ஏப்ரலில் ஃபொஸ்காரினிக்கு எழுதிய பதிலில் இரண்டு செய்திகள் உள்ளன. பூமி சுற்றுவதற்கு உண்மையான நிரூபணம் இருந்தால், விவிலிய வாசகங்களுக்கு மிகுந்த கவனத்தோடு வேறு பொருள் தேட வேண்டியிருக்கும் என்பது ஒன்று. திரெந்து சங்கம் தந்தையரின் பொது விளக்கத்துக்கு மாறாகப் பேசுவதைத் தடுத்திருக்கிறது என்ற எச்சரிக்கை மற்றொன்று. நிரூபணம் அன்று இல்லை என்பது உண்மை. கடலின் ஏற்றவற்றத்துக்குப் பூமியின் அசைவே காரணம் என்று கலிலியோ நம்பியிருந்த வாதம் தவறானது. பூமி நகர்வதால் விண்மீன்களின் இடம் மாறித் தோன்றுவதை அளக்க 1838 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் நிரூபணம் இல்லை என்பதற்காக ஒரு கருத்தை ஐயத்துக்குரியது என்று ஒதுக்கலாம். விவிலியத்துக்கு முற்றிலும் முரணானது என்று 1616 மார்ச் 5-இல் ஆணையிட்டது வேறு காரியம். அதற்குத் திரெந்துவின் அச்சம் தேவைப்பட்டது.

அந்த ஆணையின்படி கோப்பர்நிக்கஸின் நூல் திருத்தப்படும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. திருத்தங்கள் 1620-இல் வெளியாயின. அவை மிகச் சிலவே. முதற்பகுதியின் 11-ஆம் அத்தியாயத் தலைப்பில் ‘பூமியின் மூவகை இயக்கத்தின் நிரூபணம்’ என்று இருந்ததை, ‘பூமியின் மூவகை இயக்கம் பற்றிய அனுமானமும் அதன் நிரூபணமும்’ என்று மாற்றச் சொன்னார்கள். கணக்கு நாட்காட்டிக்கு வேண்டியிருந்ததால் நூலை முழுதாக அழிக்க மனம் வரவில்லை. இன்று எஞ்சியுள்ள பிரதிகளில் இத்தாலியில் இருந்தவை பலவற்றில் இப்படி அடித்துத் திருத்திய மைக்கோடுகளைக் காணலாம். மற்ற நாடுகளின் பிரதிகள் பெரும்பாலும் தீண்டப்படாமல் இருக்கின்றன. கலிலியோ தம் பிரதியில், அடித்த எழுத்துகளைப் படிக்க முடிகிற அளவுக்கு மெல்லிய கோடாகவே போட்டிருக்கிறார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது போலோஞாவில் நடந்தது. போப்பின் ஆட்சிக்குட்பட்ட அந்த நகரின் சான் பெத்ரோனியோ ஆலயத்தில், ஈஸ்டர் கணக்குக்கு அடிப்படையான ஆண்டின் நீளத்தைச் சரிபார்க்க 1570-களில் ஒரு நண்பகல் கோடு இடப்பட்டிருந்தது. ஆலயத்தை விரிவாக்கியபோது அது பயனற்றுப்போகவே, பல்கலைக்கழகத்தின் வானியல் பேராசிரியர் காசினி 1655-இல் புதியதொன்றை அமைத்தார். கூரையில், ஏறத்தாழ 27 மீட்டர் உயரத்தில், மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு துளை. தரையில் தூண்களுக்கு இடையே உரசாமல் நழுவிச் செல்லும், தெற்கு வடக்காக ஓடும் 67 மீட்டர் நீளமுள்ள கோடு. ஒவ்வொரு நாளும் உச்சிப்பொழுதில் சூரியனின் வட்டப் பிம்பம் கோட்டைக் கடக்கும். கோடையில் துளைக்கு அருகே கால் மீட்டர் அகலத்தில் விழும் பிம்பம், குளிர்காலத்தில் கோட்டின் மறுகோடிக்குப் போய், ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீண்ட முட்டை வடிவமாகிவிடும். ஆலயக் கட்டடம் முழுவதுமே ஓர் அளவுகருவி.

அந்தக் கருவியிடம் காசினி வேறொரு கேள்வியையும் கேட்டார். வசந்தத்தின் சம இரவிலிருந்து இலையுதிர்காலத்தின் சம இரவு வரை ஏறத்தாழ 186 நாள். எஞ்சிய பாதி ஆண்டுக்கு 179 நாள்தான். சூரியன் கோடையில் மெதுவாகச் செல்வதாகத் தோன்றுகிறது. பழைய வானியலின்படி சூரியன் மாறாத வேகத்தில் வட்டத்தில் செல்கிறது. பூமி அந்த வட்டத்தின் மையத்தில் இல்லாததால், தொலைவு கூடும்போது வேகம் குறைந்ததுபோல் தெரிகிறது, அவ்வளவே. கெப்ளரின் கணக்கில் அந்த மந்தத்தில் பாதிதான் தொலைவினால் வருவது. மறுபாதி உண்மையாகவே வேகம் குறைவது. எது சரி என்று அறிய, சூரியனின் தோற்ற அகலம் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையில் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தால் போதும். பழைய கொள்கை சரியென்றால் அந்த மாற்றம் இருமடங்காக இருக்க வேண்டும். ஒரு பாகையில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறிய வேண்டிய நுட்பமான வேலை. ரிச்சோலி, கிரிமால்டி என்ற இயேசு சபை வானியலாளர்கள் உடனிருந்தார்கள். விடை கெப்ளருக்குச் சாதகமாக வந்தது. கலிலியோ மீதான தீர்ப்பு வந்து இருபத்திரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், போப்பின் நகரில், ஆலயத்தின் செலவில், கோப்பர்நிக்கஸைப் பின்பற்றிய லூத்தரன் ஒருவரின் கணக்கு உறுதிப்பட்டது. சூரியன் நகர்ந்தாலும் பூமி நகர்ந்தாலும் அந்த அளவு ஒன்றுதான் என்பதால், யாரும் எந்த ஆணையையும் மீறவும் இல்லை. பூமி அசைவதற்கு எதிராக 77 வாதங்களை அடுக்கிய அதே ரிச்சோலி, தாம் வரைவித்த நிலவு வரைபடத்தில் மிக எடுப்பான குழிகளில் ஒன்றுக்குக் கோப்பர்நிக்கஸின் பெயரை இட்டவரும் ஆவார்.

கடல் கடந்தும் நாட்காட்டியே வாசலாக இருந்தது. பீஜிங்கின் அரச வானியல் பணியகத்துக்கு 1645-இல் தலைவரான ஷால் என்ற இயேசு சபைத் துறவி, எதிரிகளின் குற்றச்சாட்டால் சிறைப்பட்டார். பின்னர் 1668-இன் இறுதியில், நண்பகல் நிழலின் நீளத்தை முன்கூட்டியே சரியாகச் சொல்லிக் காட்டித்தான் அதே சபையின் வெர்பீஸ்ட் இயேசு சபையினருக்கு அந்த இடத்தை மீட்டார். 1616-இன் ஆணைக்கு உட்பட்டிருந்ததால், அவர்கள் அங்கே கற்பித்தது டேனிஷ் வானியலாளர் டைக்கோ பிராகேயின் அமைப்பு: கோள்கள் சூரியனைச் சுற்றும், சூரியன் பூமியைச் சுற்றும்.

கெப்ளரின் கதையில் அடி இரண்டு பக்கமும் விழுந்தது. பூமியின் இயக்கம் விவிலியத்தோடு ஒத்துப்போகும் என்று அவர் எழுதிய பகுதியை 1596-இல் அச்சிடாமல் தடுத்தவர்கள் டூபிங்கனின் லூத்தரன் இறையியலாளர்கள். கிராட்ஸிலிருந்து அவரை விரட்டியது கத்தோலிக்க அரசு. லின்ட்ஸில், லூத்தரன் கோட்பாட்டு ஆவணத்தை முழுவதுமாக ஏற்றுக் கையெழுத்திட மறுத்தார் என்பதற்காக 1612-இல் அவருக்கு நற்கருணையை மறுத்தவர் அவருடைய சபைப் போதகரே. ஆயினும் ஜெர்மனியின் புரொட்டஸ்டண்ட் அரசுகள் கடைசியில் 1700-இல் பதினொரு நாளை விட்டுக்கொடுத்தபோது, போப்பின் ஈஸ்டர் அட்டவணையை ஏற்க மட்டும் மனமில்லாமல், கெப்ளர் 1627-இல் வெளியிட்ட வான அட்டவணைகளைக் கொண்டே பௌர்ணமியைக் கணக்கிட்டன. அதன் பலன் 1724-இல் தெரிந்தது. கெப்ளரின் அட்டவணைப்படி பௌர்ணமி ஏப்ரல் 8 சனிக்கிழமை. எனவே ஈஸ்டர் மறுநாள். ரோமின் அட்டவணைப்படி பௌர்ணமி ஏப்ரல் 9, அது ஞாயிறு. எனவே ஈஸ்டர் ஒரு வாரம் தள்ளி, ஏப்ரல் 16. லைப்சிக் நகரில் இசையமைப்பாளர் பாக் தம் யோவான் பாடுகளின் இசையை முதன்முதலாக வழங்கிய புனித வெள்ளி ஏப்ரல் 7. நாட்டை ஆண்ட மன்னர் கத்தோலிக்கராக மாறியிருந்தவர், அவருக்குப் புனித வெள்ளி இன்னும் ஒரு வாரம் தள்ளி இருந்தது. இந்த முரண் 1744-இல் மீண்டும் வந்தது. 1776-இல்தான் புரொட்டஸ்டண்ட் அரசுகள் வானத்தைக் கணக்கிடுவதைக் கைவிட்டு ரோமின் அட்டவணைக்கு வந்தன.