டிரஸ்ட் பத்திரத்தில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது?

ஒருவழியாக எங்கள் டிரஸ்டுக்கு வருமான வரிச் சட்டத்தின் 12ஏபி (டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடை தருகிறவர்களுக்கு வரிச்சலுகை தரும் அனுமதி) இரண்டும் வந்துவிட்டன. நிரந்தரப் பதிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் எங்கள் ஆணையில் இருப்பது ஐந்து வருஷம்தான். ஆன்லைன் படிவம், தொண்டு நிறுவனங்களுக்கான அரசுத் தளத்தில் வாங்கும் தர்ப்பண் எண், கணக்குத் தணிக்கை எல்லாவற்றையும் ஆடிட்டர் பார்த்துக்கொண்டார், அதில் சொல்ல ஒன்றுமில்லை. எங்களை அலையவிட்டது டிரஸ்ட் பத்திரம். அதிலும், எந்த ஷரத்தில் எந்தச் சட்டத்தை எழுதிவைத்திருந்தார்கள் என்பதுதான்.

எங்கள் நிறுவனர் ஐயா டிரஸ்ட் ஆரம்பித்தபோது பத்திர எழுத்தர் தன்னிடம் இருந்த மாதிரியை எடுத்து, பெயரையும் நோக்கங்களையும் மாற்றிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். ஊரெல்லாம் நடப்பதுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆள் யார், அடையாள அட்டை உண்டா, முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா என்று பார்ப்பார்கள். உள்ளே எழுதியிருக்கும் பிரிவு சரியா தப்பா என்று யாரும் கேட்பதில்லை. வரித்துறைக்கு 10ஏ படிவம் போட்டு வாங்கிய தற்காலிகப் பதிவும் கேள்வியே இல்லாமல் வந்தது. நிரந்தரப் பதிவு கேட்டு 10ஏபி படிவம் போட்ட பிறகுதான் அந்தப் பத்திரத்தை முதல்முறையாக ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கிறார். அவர் வரிவிலக்குப் பிரிவு அதிகாரி.

நோட்டீஸ் வந்தது. நாலாவது ஷரத்தில் "இது ரத்து செய்ய முடியாத பொது அறக்கட்டளை" என்று இருக்கிறது. இருபத்தொன்றாவது ஷரத்தில் "இந்திய அறக்கட்டளைச் சட்டம் 1882, பிரிவு 78-இன்படி நிறுவனர் இவ்வறக்கட்டளையை ரத்து செய்யலாம்" என்றும் இருக்கிறது. எது உண்மை என்று கேட்டிருந்தார்கள். பதில் சொல்ல நமக்கு வாய் ஏது? படிவத்திலேயே ரத்து செய்ய முடியாதது என்ற ஷரத்து உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. நாங்கள் "ஆம்" என்று கொடுத்திருந்தோம், அது பொய்யுமில்லை.

இதில் எரிச்சல் என்னவென்றால், அந்த 1882ஆம் வருஷச் சட்டத்துக்கும் எங்களைப் போன்ற பொது அறக்கட்டளைக்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது. அது குடும்பத்துக்காகவும் குறிப்பிட்ட ஆட்களுக்காகவும் ஏற்படுத்தும் தனியார் டிரஸ்டுகளுக்கான சட்டம். பொது அறக்கொடைகளை இது தொடாது என்று முதல் பிரிவிலேயே போட்டிருக்கிறது. மகாராஷ்டிராவில் 1950 முதல் பொது அறக்கட்டளைகளுக்கென்றே தனிச் சட்டம் உண்டு, தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை. இங்கே நாம் செய்வது 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டப்படி பத்திரத்தைப் பதிவது மட்டும்தான். ஆனாலும் நான் எடுத்துப் பார்த்த பத்திரங்கள் பலவற்றிலும் முதல் பக்கத்திலேயே 1882 உட்கார்ந்திருக்கிறது.

நோட்டீஸில் அடுத்தது கலைப்பு ஷரத்து. டிரஸ்டைக் கலைத்தால் மிச்சச் சொத்தை "அறங்காவலர்கள் தீர்மானிக்கும் விதத்தில்" பைசல் செய்யலாம் என்று எங்களுடையதில் இருந்தது. வருமானமோ சொத்தோ அறப்பணி அல்லாத வேறு எதற்கும் போக வழிவிடும் ஷரத்து பத்திரத்தில் இருக்கக்கூடாது என்பது 80ஜி-யின் நிபந்தனை. அறங்காவலர்கள் தீர்மானிப்பது என்றால் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வதும் ஒரு தீர்மானம்தானே! இதே மாதிரி நோக்கமும் வரிவிலக்குப் பதிவும் உள்ள இன்னொரு டிரஸ்டுக்குத்தான் போகும் என்று எழுதச் சொன்னார்கள். அது நியாயம்தான்.

சரி, திருத்திவிடலாம் என்று பார்த்தால் அங்கே ஒரு முட்டுச்சந்து. "வருமான வரி ஆணையரின் முன் அனுமதி பெற்றே இப்பத்திரத்தைத் திருத்த வேண்டும்" என்று திருத்த ஷரத்து சொல்கிறது. வரி அலுவலகத்தில் கேட்டால், "முன் அனுமதி எல்லாம் நாங்கள் தருவதில்லை, திருத்திவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். அதை எழுதிக் கொடுங்கள் என்றால் எழுதித் தர மாட்டார்கள். பதிவு அலுவலகத்திலோ, "உங்கள் பத்திரத்திலேயே அனுமதி வேண்டும் என்று இருக்கிறதே, அனுமதிக் கடிதம் எங்கே சார்?" இரண்டு பேரும் சொல்வது அவரவர் அளவில் சரி. நடுவில் நாங்கள்.

இதற்கிடையே பழைய பத்திரத்தின் சான்றிட்ட நகல் வேறு கேட்டார்கள். நாங்கள் ஏற்றிய ஸ்கேனில் சீல் விழுந்த இடத்தில் எழுத்து தெரியவில்லையாம். நகல் வாங்கப் போனேன், ஒரு பகல் முழுக்க உட்கார்ந்ததுதான் மிச்சம். அசையாச் சொத்து இல்லாத டிரஸ்ட் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தின் நான்காம் புத்தகம் என்ற பதிவேட்டில் பதிவாகியிருக்கும். வீடு, மனைப் பத்திரம்போல யார் வேண்டுமானாலும் நகல் எடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தவர், அவர் பிரதிநிதி, இல்லையென்றால் அதன்கீழ் உரிமை கோருபவர்தான் கேட்கலாம். நான் பின்னால் சேர்ந்த செயலாளர், அதனால் "நீங்கள் யார்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தள்ளாத வயதில் ஐயாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நிறுவனர் நடமாட்டமாக இருக்கும்போதே கூடுதலாக ஒரு சான்றிட்ட நகல் வாங்கி பீரோவில் வைத்துவிடுங்கள்.

முட்டுச்சந்தை உடைத்தது ஆடிட்டரிடம் வேலை பார்க்கும் ஒரு தம்பி. "அண்ணே, நோட்டீஸிலேயே ஷரத்தைத் திருத்தி வாருங்கள் என்று போட்டிருக்கிறார்களே, அதைவிட என்ன அனுமதி வேண்டும்?" என்றான். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, ஷரத்து எண்கள் வரும் வரிகளை அடிக்கோடிட்டு, அறங்காவலர் குழுத் தீர்மானத்தோடு சேர்த்தோம். திருத்த வரைவை ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து, தேதி சீலோடு ஒப்புகையும் வாங்கிவைத்தோம். சார்பதிவாளர் நோட்டீஸை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதையும் பத்திரத்தில் இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்" என்றார். அன்றைக்குச் சாப்பிட்ட காபியின் ருசியே வேறு. எல்லாச் சார்பதிவாளரும் இதை ஏற்பார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டுப் பார்க்கலாம். புதிதாக டிரஸ்ட் எழுதுகிறவர்கள் அந்த முன் அனுமதி வாக்கியத்தைத் தயவுசெய்து மாதிரியிலிருந்தே தூக்கிவிடுங்கள். அதே நேரத்தில், பதிவுக்குப் பிறகு நோக்கங்களை மாற்றி, அவை பதிவின் நிபந்தனைகளுக்கு ஒத்துப்போகாவிட்டால், 30 நாளுக்குள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதை விட்டுவிடாதீர்கள்.

இது முடிந்து சிஎஸ்ஆர் நிதிக்காக, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணத்துக்காக, ஒரு கம்பெனியிடம் போனால், அங்கே ஒப்பந்தத்தில் அடுத்த கூத்து. இந்த நிதி வாங்க அரசிடம் பதிந்துகொள்ளும் சிஎஸ்ஆர்-1 படிவத்தின் பதிவு எண் கேட்டார்கள், கொடுத்தோம். அப்புறம் அவர்கள் சட்டப் பிரிவிலிருந்து மின்னஞ்சல்: "1882ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நீங்கள் பெற்ற பதிவுச் சான்றிதழை அனுப்பவும்." அப்படி ஒரு சான்றிதழே உலகத்தில் கிடையாது! பழைய பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார்கள். திருத்தப் பத்திரம், பதிவு எண், ஆடிட்டர் கடிதம் எல்லாம் அனுப்பியும், "எங்கள் பட்டியலில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது" என்றே பதில் வந்தது. கடைசியில் அந்தக் கட்டத்தில் "பொருந்தாது" என்று எழுத அவர்கள் மேலாளர் ஒருவர் சம்மதித்தார்.

ஒப்பந்த வரைவைப் படித்தால் நாங்கள் "கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 8-இன் கீழ் அமைந்த நிறுவனம்" என்று இருக்கிறது. அது லாப நோக்கமில்லாத கம்பெனிகளுக்கான பிரிவு, நாங்களோ டிரஸ்ட். யாருக்கோ போட்டதை அப்படியே எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதோடு, வெளிநாட்டு நிதிச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின்கீழ் "செல்லுபடியாகும் பதிவு உள்ளது என்று இரண்டாம் தரப்பினர் உறுதி அளிக்கிறார்" என்று ஒரு வரி. எங்களுக்கு அந்தப் பதிவே கிடையாது, வெளிநாட்டுப் பணம் ஒரு பைசா வாங்கியதில்லை. பணம் வந்தால் போதும் என்று பேசாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், பின்னாளில் ஏதாவது தகராறு என்றால் பொய் உறுதிமொழி கொடுத்ததாக எங்கள் மேலேயே திரும்பும். "உறுதி அளிக்கிறார்" என்று வரும் வரிகளை மட்டுமாவது விரலை வைத்துப் படியுங்கள்.

இன்னொன்று. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் வருஷ வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் வருஷச் சட்டம், பிரிவு எண்களும் மாறிவிட்டன. பத்திரத்தில் பழைய எண் இருக்கிறதே என்று பதறிக்கொண்டு திருத்தப் பத்திரம் எழுத ஓட வேண்டியதில்லை. ஒரு சட்டத்தை நீக்கி அதே விஷயத்தை மறுபடி இயற்றினால், ஆவணங்களில் உள்ள பழைய பிரிவைப் புதிய பிரிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1897ஆம் வருஷப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. நாங்கள் எப்படியும் திருத்துகிறோம் என்பதால், "வருமான வரிச் சட்டம் 1961, அதன் திருத்தங்கள், அதற்குப் பதிலாக வரும் சட்டம் ஆகியவற்றின் பொருந்தும் பிரிவுகள்" என்று போட்டுக்கொண்டோம். வெறும் பிரிவு எண்ணை மட்டும் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

முதல் தவணை வந்துவிட்டது. அடுத்த வருஷத்துக்கான ஒப்பந்த வரைவும் வந்திருக்கிறது. அதில் நாங்கள் மறுபடியும் பிரிவு 8 கம்பெனி. சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.