வாடை வீசும் கோடியில் மூன்று நாட்கள்

நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே நேராக இறங்கி வரும் கடற்கரை, கோடியக்கரையை அடைந்ததும் முழங்கை மடங்குவதுபோல மேற்கே திரும்பிவிடுகிறது. நிலப்படத்தில் அந்த மடிப்பைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதன் முனையில் நின்று, இடப்புறம் வங்கக் கடலையும் வலப்புறம் பாக் நீரிணையையும் ஒருசேரப் பார்த்தபோதுதான், 'கோடி' என்ற சொல் அந்த ஊருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது எனக்கு உறைத்தது. நிலம் அங்கே உண்மையிலேயே முடிந்துபோகிறது.

அப்பா மறைந்த பிறகு வரும் முதல் தை அமாவாசைக்கு ஆதி சேதுவில் நீராட வேண்டும் என்று அம்மா விரும்பியதால்தான் இந்தப் பயணம் அமைந்தது. கோடியக்கரைக் கடலுக்கு ஆதி சேது என்று பெயர். அங்கே முழுகிவிட்டு, வேதாரண்யத்தில் சன்னதிக் கடலிலும் மணிகர்ணிகைக் குளத்திலும் நீராடுவது வழக்கம். "போன காரியம் முடிஞ்சதும் திரும்பிடணும்டா" என்று புறப்படும்போது சொன்ன அம்மாவே, கடைசியில் மூன்றாம் நாளும் தங்கலாம் என்றார்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலை அகஸ்தியம்பள்ளியைத் தாண்டுகிறது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் கால்நடையாகப் புறப்பட்ட தொண்டர்கள் 28 அன்று வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30 அன்று தடையை மீறி உப்பு அள்ளியபோது ராஜாஜி கைது செய்யப்பட்டார். அதன் நினைவாக நிற்கும் ஸ்தூபியருகே வண்டியை நிறுத்தினோம். மழைக்காலம் முடிந்து உப்புப் பாத்திகளைச் சீர்படுத்தும் பருவம் அது. சேற்றை மிதித்துச் சமன்செய்து வரப்புக் கட்டிக்கொண்டிருந்தவர்களைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். காலை ஒன்பது மணிக்கே அந்த வெளியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. நாள் முழுவதும் அதில் நிற்கிறவர்களின் கண்களை நினைத்தபோது, ஸ்தூபியைப் படம் எடுக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

அமாவாசையன்று கடற்கரை நிறைய மனிதர்கள். அங்கே கடல் ஆழமில்லாதது. அலை பெரிதாக எழுவதில்லை. காலடியில் மணலைவிடச் சேறு அதிகம். நுரைத்து வரும் அலையில் குளித்து விளையாட விரும்புகிறவர்களுக்கு ஏற்ற கடற்கரையல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். அம்மா இடுப்பளவு நீரில் நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து, ஈரப் புடவையோடு குழகர் கோயிலுக்குப் போகலாம் என்றார்.

கோடிக்குழகர் தேவாரப் பாடல் பெற்றவர். இங்கு வந்த சுந்தரர், கடற்காற்று வந்து மோதும் கரையில் அக்கம்பக்கத்தில் குடியிருப்பு ஒன்றும் இல்லாமல் தனியே இருக்கிறீரே, உமக்கு யார் துணை என்று இறைவனிடமே இரங்கிக் கேட்டிருக்கிறார். பதிகத்தை முன்பே படித்திருந்தும், சன்னதியில் நின்றபோதுதான் அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தது. வாசல் வழியே நுழைந்த வாடை விளக்குச் சுடரைச் சாய்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் சரணாலயத்துக்குள் சென்றோம். வெளிமான்களைக் காப்பதற்காக 1967இல் அறிவிக்கப்பட்ட காடு இது. 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்து, அடுத்த இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டின் ஒரே ராம்சர் தலமாக இருந்தது. எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் உள்ளூர்க்காரர். மான் என்றதும் மரங்களுக்கிடையே தேடிய என்னைத் தடுத்து, "காட்டுக்குள்ள பாக்காதீங்க சார், புல்லுல பாருங்க" என்றார். பெயரிலேயே வெளி இருக்கிறதே! தொலைவில் எதிரி வருவதைக் கண்டுகொள்ளும்படியான திறந்த புல்வெளிதான் வெளிமானுக்குப் பாதுகாப்பு. ஒளிந்துகொள்வதற்கு மாறாக, பார்த்து ஓடுவதை நம்பி வாழும் விலங்கு அது. ஏறத்தாழ முப்பது மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பெண்மான்களும் குட்டிகளும் காய்ந்த புல்லின் நிறத்தில் இருக்க, முதுகு கருத்து வயிறு வெளுத்த ஆண்மான் ஒன்று, முறுக்கிய கொம்புகளைப் பின்னுக்குச் சாய்த்து முகத்தை உயர்த்தியபடி அவற்றைச் சுற்றி மெல்ல நடந்தது. எதற்கோ மிரண்ட ஒரு மான் நின்ற இடத்திலிருந்தே எழும்பியது. அடுத்தடுத்து எல்லாம் எழும்பின. ஓட்டத்துக்கு முன் வரும் அந்தத் துள்ளலை அம்மா வாய்விட்டு வியந்ததை நான் மறக்கமாட்டேன்.

அந்தப் புல்வெளியின் ஓரங்களைச் சீமைக் கருவேலம் அரித்துக்கொண்டு வருகிறது. வேரோடு பறித்து அகற்றினாலும், அதன் காயைத் தின்னும் விலங்குகளின் சாணத்திலிருந்து விதை மறுபடியும் முளைக்கிறது. வெளி சுருங்கினால் வெளிமானும் குறையும் என்பதை விளக்கத் தனி ஆய்வு வேண்டாம், அங்கே ஒரு காலைப்பொழுது நின்றால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

இங்குள்ள குதிரைகளும் புகழ்பெற்றவை. யாரோ வளர்த்துக் கைவிட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவை அவை. இப்போது மனிதரை அண்டாமல் கூட்டமாகத் திரிகின்றன. கோடையில் குடிநீர் வற்றும்போது குளம்பால் மணலைத் தோண்டி ஊற்று எடுக்கும் என்றும், அவை குடித்து நகர்ந்தபின் மான்களும் அதே குழியில் குடிக்கும் என்றும் காவலர் சொன்னார். மண்ணுக்குக் கீழே மழைநீர் மெல்லிய அடுக்காக உப்புநீரின் மேல் தங்கியிருக்கும் கடலோரத்தில் இது நடக்கக்கூடியதுதான். உலக்கைப்பாலை மரங்கள் அடர்ந்த காட்டுப் பகுதியில், 2018 நவம்பர் 16 விடியற்காலை கரை கடந்த கஜா புயல் சாய்த்த மரங்களின் தடம் இன்னும் தெரிகிறது. அந்த நாளைப் பற்றிக் கேட்டபோது காவலர், "மானும் பறவையுமா செத்துக் கெடந்துச்சு சார்" என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இராமர் பாதம் நான்கு மீட்டர் உயரமுள்ள மணல்மேடுதான். ஆனால் இந்தத் தட்டை நிலத்தில் அதுவே உச்சி. இராமர் இங்கே நின்று இலங்கையை நோக்கினார் என்பது ஐதீகம். சோழர் காலத்தது என்று மக்கள் சொல்லிவந்த பழைய செங்கல் கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 ஆழிப்பேரலையில் இடிந்துபோனது.

பிற்பகல் முழுவதையும் உப்பளத்தை ஒட்டிய சதுப்பில் கழித்தோம். எனக்கு இந்தப் பயணத்தின் உயிர் அங்கேதான் இருந்தது. முதலில் வெள்ளைக் கோடாகத் தெரிந்த ஒன்று, தொலைநோக்கியில் பெரும் பூநாரைக் கூட்டமாக விரிந்தது. நீண்ட கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, அலகால் நீரை வடிகட்டி உண்ணும் பறவை அது. உண்ணும் பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறமியே அதன் சிறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. கூட்டம் எழுந்தபோது, மூடிய சிறகுக்குள் இருந்த செந்நிறம் ஒரே நேரத்தில் வெளிப்பட்டது. ஆனால் பூநாரையோடு நின்றுவிடுகிறவர்கள் காலடியில் ஓடும் உள்ளான்களைத் தவறவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். உள்ளங்கையில் அடங்கும் கொசு உள்ளான், வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் முட்டையிட்டுவிட்டு இந்தச் சேற்றுக்காக வருகிறது. கரையை வழிகாட்டியாகக் கொண்டு தெற்கே பறக்கும் பறவைக்கு, கரை திரும்பும் இந்த முனை இயல்பாகவே தங்குமிடமாகிவிடுகிறது. அதனால்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்து வருகிறார்கள். ஐப்பசி வாக்கில் ஆறுமணிக் குருவியும் இந்தக் காட்டில் இறங்கி இளைப்பாறிச் செல்லும்.

மனிதர்களும் அப்படியே வருகிறார்கள். மாலையில் மீன் இறங்குமிடத்துக்குப் போனபோது, கீற்றுக் கொட்டகைகள் வரிசையாக நின்றிருந்தன. வேறு ஊர்களிலிருந்து படகும் வலையும் பாத்திரமும் கொண்டுவந்து, புரட்டாசி ஐப்பசியிலிருந்து பங்குனி வரை இங்கே தங்கித் தொழில் செய்கிற குடும்பங்கள் அவை. வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம், சொந்த ஊரிலும் கடல் இருக்கிறதே என்றேன். "இருக்கு தம்பி. ஆனா வாடைக் காலத்துல மீனு இங்கல்ல வருது" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "கருவாடு வேணுமாம்மா, நல்லாக் காஞ்சது" என்று கேட்டார். அமாவாசைக்கு மறுநாள்தான் என்றாலும் அம்மா மறுக்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோக வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் இருள் பிரியுமுன் கடலாமை முட்டை தேடும் சுற்றுக்கு, அதே காவலரின் ஏற்பாட்டில் நான் மட்டும் போனேன். தை மாதத்தில் தொடங்கிப் பங்குனியில் மிகுதியாகக் கரையேறுவதால் பங்குனி ஆமை என்றே இங்கு பெயர். ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் முதலில் கண்டது இறந்து ஒதுங்கிய ஓர் ஆமையைத்தான். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் கடலிலேயே மூச்சடைத்துச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது என்ற விதி இருந்தும் இது நடக்கிறது. காவலர் ஓட்டின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டார். அந்த ஓட்டின் மேல் என் கை பட்டபோது ஏற்பட்ட குற்றவுணர்வை என்னால் எளிதில் உதற முடியவில்லை. மீனை விரும்பி உண்கிறவன் நான்.

இன்னும் சற்றுத் தூரத்தில், நீரிலிருந்து மணல்மேடு வரை ஏறித் திரும்பிய துடுப்புத் தடம் தெரிந்தது. காவலர் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, மணல் இளகிய இடத்தில் கையால் தோண்டினார். நரியும் நாயும் முந்திக்கொள்ளாத கூடு அது. நூற்றுப் பன்னிரண்டு முட்டைகளை எண்ணி, புரட்டாமல், எடுத்த நிலையிலேயே கூடையில் அடுக்கினார். கம்பி வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி எடுத்து அவற்றைப் புதைத்தபோது பொழுது நன்றாகப் புலர்ந்திருந்தது. மணலின் வெப்பத்தைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும் என்பதால், கூரை நிழல் விழும் இடத்தைக்கூட அவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

ஒரு பலகையில் தேதியையும் எண்ணையும் எழுதிக் குழியருகே நட்டார். குஞ்சு வர ஐம்பது நாள் ஆகலாம் என்றார். விடுதிக்குத் திரும்பியதும் அம்மா முதலில் கேட்டது எத்தனை முட்டை என்றுதான். சொன்னேன். சுவரில் தொங்கிய நாட்காட்டியருகே சென்று, ஒவ்வொரு தாளாகத் தூக்கி, அவர் ஐம்பது நாள் எண்ணத் தொடங்கினார்.